சம்பந்தி வீட்டு வெந்நீர்

முத்துசுவாமி சாரோடு கடைக்குப் போவது என்றால் எனக்கு வேப்பங்காய். வண்டிப்பெரியார் கடைத்தெருவில் ஒரு குடை வாங்க அவருக்கு ஞாயிற்றுக்கிழமை முழுசும் வேண்டும். விரிப்பார், மடக்குவார், வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் துணியைப் பார்ப்பார், கடைசியில் முதலில் எடுத்த குடையையே வாங்கிக்கொண்டு வருவார். கடைக்காரர் என்னை முறைப்பார். நான் என்ன செய்ய? தேயிலை எஸ்டேட் ஆபீசில் அவர் பெரிய கிளார்க், நான் அடுத்த மேஜை. குவார்ட்டர்ஸும் அடுத்தடுத்து. எங்கே புறப்பட்டாலும் "பொன்ராஜ், நீயும் வாயேன்" என்பார். நானும் முணுமுணுத்துக்கொண்டே போவேன்.

பாலக்காட்டுக் கிராமத்து ஐயர் அவர். இளம் வயதில் வேலைக்கு மலையேறி வந்தவர், அங்கேயே தங்கிவிட்டார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யார் மனமும் நோகக் கூடாது என்பதில் அவருக்கு ஒரு பைத்தியமே இருந்தது. லயத்தில் குடியிருக்கும் தொழிலாளிப் பெண்கள் கூலிப் பதிவில் பேர் விட்டுப்போச்சு என்று சண்டைக்கு வந்தால்கூட, "மொதல்ல உக்காருங்கோம்மா" என்று பெஞ்சைக் காட்டுவார். வந்தவள் சண்டையை மறந்துவிட்டுக் குடும்பக் கதையைச் சொல்லிவிட்டுப் போவாள். இத்தனை நல்லவராக இருப்பது உடம்புக்கு ஆகாது என்று அவர் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன். சிரிப்பார், அவ்வளவுதான்.

ஒரே மகள் பட்டு. அவளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோது எத்தனை ஜாதகம், எத்தனை விசாரணை. ஒருவனுக்கு வெற்றிலை போடும் பழக்கம், வேண்டாம். இன்னொருவனுக்குத் தம்பி தங்கைகள் அதிகம், வேண்டாம். கடைசியில் பாலக்காட்டை அடுத்த சித்தூரில் ஒரு இடம் வந்தது. சிவராமகிருஷ்ணன், எம்.எஸ்ஸி., அரசு கல்லூரியில் கெமிஸ்ட்ரி லெக்சரர். கிராமத்தில் சொந்த வீடு, அப்பா இல்லை, அம்மா மட்டும். "படிச்சவர், பொன்ராஜ். யோசிக்கத் தெரிஞ்சவர். அது போறும் நேக்கு" என்றார் சார். எழுபத்துநாலாம் வருஷம் வைகாசியில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை நல்ல நிறம், நல்ல உயரம், பேச்சு மட்டும் கம்மி. அதையும் ஒரு லட்சணம் என்றே நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

தலைதீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு என்ன செய்வது என்று அடுத்த கவலை பிடித்தது. அந்தச் சமயம் பார்த்து எங்கள் துரை வேலையை விட்டுச் சீமைக்குப் புறப்பட்டார். பங்களாச் சாமான்களை ஏலம் போட்டார்கள். நாற்காலி, கட்டில், நாய்க்கூண்டு என்று எல்லாம் போய்க்கொண்டிருக்க, இவர் குளியலறைச் சுவரில் தொங்கிய வெளிநாட்டு வாட்டர் ஹீட்டருக்குக் கை தூக்கிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சித்தூர்க் கிராமத்தில் எந்த வீட்டில் அப்போது ஹீட்டர் இருந்தது? வெந்நீர் வேண்டுமென்றால் தவலையை அடுப்பில் ஏற்றுவார்கள். "வருஷா வருஷம் தீபாவளிக்கு எண்ணெய் தேச்சுக் குளிக்கறப்போ மாப்பிள்ளை நம்மளை நெனைச்சுப்பார்" என்றார். பட்டு அடுப்பை ஊதிக் கண்ணைக் கசக்க வேண்டாம் என்பதுதான் உள் நோக்கம். அதை அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரியும்.

எஸ்டேட் ஃபிட்டர் சுவக்கீன் ஹீட்டரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, தொட்டி நன்றாக இருக்கிறது, உள்ளே தொங்கும் ராடுதான் தீர்ந்துபோச்சு என்றான். வெறும் கம்பி மட்டும் நூல் மாதிரி மிச்சமிருந்தது. அது எதற்கு என்று சார் கேட்டார்.

"தண்ணி இரும்பத் திங்கும்லா ஐயா. தொட்டியத் திங்க விடாம, மொதல்ல என்னயத் தின்னுன்னு இந்த ராடு நடுவுல நிக்கும். இது இருக்கமுட்டும் தொட்டிக்கு ஒண்ணும் ஆகாது. தீந்துட்டா மாத்தணும்."

ஸ்டோரில் இரண்டு ராடு இருந்தன. ஒன்று ஹீட்டரோடு சீமையிலிருந்து வந்த உபரி, மக்னீசியம். கையில் எடுத்தால் கனமே தெரியாது. இன்னொன்று அலுமினியம், ஃபாக்டரிக்காக வாங்கிப் போட்டது. சார் இரண்டையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இதைத் தூக்குவார், அதைத் தூக்குவார், நகத்தால் சுரண்டுவார். காப்பி வந்து ஆறிப்போனது.

"நம்ம மலத் தண்ணிக்கு இந்த மக்னீசியந்தான் ஐயா சரி. பங்களால எப்பவும் இதான் போடுவோம். ஆனா அந்தப் பக்கத்துத் தண்ணி எப்படின்னு எனக்குத் தெரியாது. கெணத்துத் தண்ணியா, உப்பா, பருப்பு வேகுமான்னு ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க" என்றான் சுவக்கீன்.

நியாயமான பேச்சு. ஒரு வார்த்தை கேட்டால் போதும். ஆனால் சார் முகம் மாறிவிட்டது. சுவக்கீன் போன பிறகு என்னிடம் சொன்னார்:

"சம்மந்தியாத்துல போயி, உங்க கெணத்துத் தண்ணி நல்லதா, உப்பான்னு கேக்கறதா? பொண்ணைக் கொடுத்தவன் அந்தாத்துல ஒண்ணையும் குத்தம் பாக்கப்படாது, பொன்ராஜ். கேட்டாலே குத்தமாக்கும்."

"தண்ணிதான சார். அவங்களையா கேக்கீங்க?"

"நோக்குத் தெரியாது. எங்கவா வழக்கம் அப்படி."

எனக்குச் சுள்ளென்று வந்தது. இருந்தாலும் வழக்கத்தோடு யார் மல்லுக்கட்டுவது? இரண்டில் எது உசத்தியோ அதுவே இருக்கட்டும் என்று சீமை ராடை எடுத்தார். துரை பங்களாவில் இருந்ததைவிடக் குறைந்ததை மாப்பிள்ளைக்குக் கொடுத்தோம் என்று இருக்கக் கூடாதாம். சுவக்கீன் அதைப் பொருத்தி, மூட்டுகளை இறுக்கி, வைக்கோல் சுற்றிக் கட்டிக் கொடுத்தான். தீபாவளி முடிந்து ஹீட்டர் லாரியில் சித்தூர் போய்ச் சேர்ந்தது. அங்கே ஒரு வயர்மேன் அதைக் கிணற்றடிக் குளிமுறியில், அதாவது குளியலறையில், மாட்டினார்.

சித்தூர்க் கிராமத்து ஆற்றுக்குச் சோகநாசினி என்று பெயர். பெயரோடு சரி. சம்பந்தியம்மா தர்மாம்பாள் தினமும் அதில்தான் குளிப்பார். தை மாதம் கணவாய்க் காற்று எலும்பைத் துளைத்தபோது, மகன் சொன்னானே என்று ஒருநாள் வீட்டிலேயே குழாய் வெந்நீரில் குளித்தார். தலையில் ஊற்றிக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, தண்ணீர் நாறியது. கிணற்றில் நேராக இறைத்தால் நாற்றம் இல்லை. பச்சைத் தண்ணீர்க் குழாயிலும் இல்லை. வெந்நீரில் மட்டும் குடலைப் புரட்டுகிற நாற்றம். மறுபடி கிணற்றுத் தண்ணீர் இறைத்துத் தலையோடு குளித்து, நடுங்கிக்கொண்டு உள்ளே வந்தார். என்ன நாற்றம் என்று மகனைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னார்.

"அழுகின முட்டை வாசனை" என்றான் மாப்பிள்ளை. சொல்லிவிட்டுக் கல்லூரிக்குப் போய்விட்டான்.

முட்டை. அந்த வீட்டுக்குள் அப்படி ஒரு சொல் அதற்கு முன் வந்திருக்குமா என்பதே சந்தேகம். பட்டு அப்போது முழுகாமல் இருந்தாள். அதற்கு முந்தின வாரம்தான் டவுனில் லேடி டாக்டர், "ரத்தம் குறைவு, வழக்கம் இல்லைதான், ஆனாலும் முட்டை சாப்பிட்டால் நல்லது" என்று மாமியாரின் முன்னாலேயே சொல்லியிருந்தார். பட்டு எஸ்டேட்டில் வளர்ந்தவள். அங்கே எல்லாரும் எல்லாம் தின்கிறவர்கள். அவள் குளிக்கப் போனால் நேரமாகிறது. வெந்நீர்க் குழாயும் அங்கேதான். தர்மாம்பாளுக்குக் கணக்கு ஒத்துப்போய்விட்டது. மருமகள் குளிமுறியில் கதவைச் சாத்திக்கொண்டு வெந்நீரில் முட்டை வேகவைத்துத் தின்கிறாள்.

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. ஆனால் அந்த வீட்டில் அது சிரிப்பாக இல்லை. பட்டுவைச் சமையலறைக்குள் விடவில்லை. அவள் தொட்ட பாத்திரம் தனியாகப் போனது. குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே ஆள் நின்றது.

மாசியில் சார் முறுக்கும் தேன்குழலும் எடுத்துக்கொண்டு மகளைப் பார்க்கப் போனபோது, கிணற்றடியில் வைத்து அவள் சொல்லியிருக்கிறாள்: "அப்பா, நான் முட்டை திங்கறேனாம்." சொல்லிச் சிரித்தாளாம். சிரிப்பு பாதியில் அழுகையாகப் போய்விட்டதாம்.

"மாப்பிள்ளை என்ன சொல்றார்?"

"அவர் ஒண்ணும் சொல்றதில்லை. எதுக்குமே ஒண்ணும் சொல்றதில்லை."

திரும்பி வந்த சார் நேரே சுவக்கீனிடம் போனார். சுவக்கீனுக்கும் புரியவில்லை. அவன் ஃபாக்டரி எஞ்சினியரிடம் கேட்டான். சில கிணற்றுத் தண்ணீருக்கும் மக்னீசிய ராடுக்கும் ஆகாது, சேர்ந்தால் அப்படித்தான் நாறும், தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிவிட்டு அலுமினியம் போடுங்கள், நாற்றம் அன்றைக்கே நின்றுவிடும் என்றார் அவர். இவ்வளவுதான் விஷயம். அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய், 'சம்பந்தியம்மா, தப்பு கம்பியில் இருக்கிறது, என் பெண்ணிடம் இல்லை' என்று சொல்லியிருந்தால் மாசியிலேயே முடிந்திருக்கும்.

சொன்னாரா? இல்லை. காரணம் இல்லாமல் பெண்ணின் அப்பா ஸ்பானரை எடுத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போக முடியாதாம். போனால், சீராகக் கொடுத்த பொருள் கோளாறு என்று தன் வாயாலேயே ஒத்துக்கொண்டதாகுமாம். "கொடுத்ததைப் பத்திக் கொடுத்தவன் பேசப்படாது" என்றார். ஆனியில் சீமந்தம் வருகிறது, அப்போது போகிறபோது யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடலாம் என்றார். மாசியிலிருந்து ஆனிவரை அந்தப் பெண் அந்த வீட்டில் என்ன பாடு பட்டாளோ. நான் கத்தினேன். ஆபீசே திரும்பிப் பார்த்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சீமந்தத்துக்கு நானும் போனேன். கூடைகளைத் தூக்க ஆள் வேண்டும் என்பது வெளிப் பேச்சு. சுவக்கீன் எங்கள் இருவருக்கும் ராடு மாற்றும் வேலையைச் சொல்லிக் கொடுத்திருந்தான். எனக்குக் கொல்லைப் பக்கத்தில் இலை போட்டார்கள். ஹீட்டரும் கொல்லையில்தான் இருந்தது, எங்கள் வேலைக்கு அது சௌகரியம். மறுநாள் காலை தர்மாம்பாள் ஆற்றுக்குப் போனதும் தொட்டியை வடித்தோம். அப்பா, அந்த நாற்றம். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பிளீச்சிங் பவுடர் கலக்கி ஊற்றி, அலசி, பழைய ராடை உருவினோம். கரையான் அரித்த குச்சி மாதிரி வந்தது. அலுமினியத்தை மாட்டித் தண்ணீரை நிரப்பினோம். தண்ணீர் சுட்டதும் சார் உள்ளங்கையில் பிடித்து முகர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை.

"இப்பமாவது சொல்லிருங்க சார்" என்றேன்.

"இனிமே என்னத்துக்கு? நாத்தம் போயாச்சு. அவாளே புரிஞ்சுப்பா."

ஆற்றிலிருந்து திரும்பிய தர்மாம்பாள் ஈரத்தரையைப் பார்த்து என்ன என்று கேட்டார். "ஒண்ணுமில்லை, குழாய்ல கொறச்சு அடைப்பு, எடுத்துவிட்டேன்" என்றார் சார். அன்றைக்கே நல்ல நேரம் பார்த்து, வழக்கப்படி பட்டுவைப் பிரசவத்துக்கு அழைத்துக்கொண்டு புறப்பட்டோம். மாப்பிள்ளை பஸ் ஸ்டாண்டுவரை வந்து பெட்டியை ஏற்றிவிட்டான். பஸ்ஸில் வைத்து சார் மகளிடம் ராடு விஷயத்தைச் சொன்னார். "சொல்லியிருக்கலாமே அப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆவணியில் பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைக்க மாப்பிள்ளை மட்டும் வந்தான். அம்மாவுக்கு முழங்கால் வலியாம். குழந்தையை மடியில் வைத்துப் பார்த்துவிட்டு மறுநாள் பஸ்ஸிலேயே போனான். மூன்றாம் மாதம் அழைத்துப்போக வருவார்கள் என்று எதிர்பார்த்தோம். வரவில்லை. ஐந்தாம் மாதமும் போயிற்று. பட்டு, குழந்தைக்குச் சட்டை தைத்துக்கொண்டே, "அங்கே காத்து ஜாஸ்தி, கம்பளிச் சட்டை வேணும்" என்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். புருஷன் வருவான், அவனுக்கு விடுமுறை கிடைக்கவில்லை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, இப்படி அவளே ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் சொல்வாள். நாங்கள் தலையாட்டுவோம்.

கடைசியில் பொங்கல் கழிந்து, சித்தூரிலிருந்து குமுளிக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் உண்மையைச் சொன்னார். கிராமம் முழுக்கத் தர்மாம்பாள் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். பட்டு வீட்டைவிட்டுப் போன அன்றைக்கே நாற்றமும் போச்சாம். அவள் இருந்தவரை நாறின வெந்நீர், அவள் பஸ் ஏறின நாளிலிருந்து கங்கை மாதிரி வருகிறதாம். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்கிறாராம். கேட்டவர்களும் ஆமாம் என்கிறார்களாம்.

சார் அன்றைக்கு ஆபீசில் பேனாவைத் திறக்கவே இல்லை. மத்தியானம் என் மேஜைக்கு வந்து நின்றார். "பொன்ராஜ், நானே போய் என் பொண்ணுக்கு எதிரா சாட்சி வெச்சுட்டு வந்துட்டேனேடா" என்றார். எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. இரண்டு பேரும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுச் சித்தூருக்குப் புறப்பட்டோம். பழைய ராடைச் செய்தித்தாளில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

தர்மாம்பாள் எங்களை உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார். மரியாதையில் குறை சொல்ல முடியாது. சார் பையிலிருந்து ராடை எடுத்து வைத்து, முதல்முறையாக வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னார். தண்ணீர், மக்னீசியம், அலுமினியம், அடைப்பு எடுத்தேன் என்று சொன்ன பொய், எல்லாம்.

"அன்னிக்கு அடைப்புன்னேளே?" என்றார் தர்மாம்பாள்.

"சொல்ல நாணமா இருந்தது."

"இன்னிக்குக் கம்பிங்கறேள். பொண்ணைப் பெத்தவர், வேற என்ன சொல்லுவேள்? நேக்கு உங்க மேல வருத்தமில்லை."

"பழைய கம்பியைத் திரும்ப மாட்டறேன் சம்மந்தி. பத்து நாள் பாருங்கோ. அந்த நாத்தம் திரும்ப வரும். பட்டு இங்கே இல்லாமலே வரும்."

"இந்தாத்துல மறுபடியும் அந்த நாத்தமா? வேண்டாம். பட்டது மதி, போறும்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை அந்த அம்மா. கோபப்பட்டிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருக்கலாம். ராடை மறுபடி செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தோம். தெருவில் நடக்கும்போது சார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவாளுக்குப் புரியாது. படிக்காதவா. மாப்பிள்ளைக்குச் சொன்னா ஒரு நிமிஷத்துல புரிஞ்சுப்பார். அவர் சப்ஜெக்ட்டாக்கும் இது. அவர் ஒரு வார்த்தை சொன்னாப் போறும், அம்மா கேட்டுப்பா" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கல்லூரிக்கு விரைவாக நடந்தோம்.

மாப்பிள்ளை லேப்பில் இருக்கிறார், போய்ப் பாருங்கள் என்றார்கள். பையன்கள் கண்ணாடிக் குழாய்களை வைத்துக்கொண்டு ஏதோ பரிசோதனை செய்துகொண்டிருந்தார்கள். வாசலுக்குப் போனதுமே சார் அப்படியே நின்றுவிட்டார். அதே நாற்றம். கிணற்றடியில் நாங்கள் மூக்கைக் கட்டிக்கொண்டு வடித்தோமே, அதே அழுகின முட்டை நாற்றம், அறை முழுக்க.

"பாத்தயா பொன்ராஜ், அதேதான்" என்றார். ஏதோ சுவாமியைக் கண்ட மாதிரி முகம் மலர்ந்துவிட்டது. நாற்றத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட மனுஷனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மாப்பிள்ளை எங்களைப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தான். சார் அவசர அவசரமாகச் சொன்னார். செய்தித்தாளைப் பிரித்து ராடைக் காட்டினார். சொல்லச் சொல்ல அவன் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றான். ராடைக் கையில்கூட வாங்கவில்லை.

"தெரியும் மாமா" என்றான்.

சாருக்கு விளங்கவில்லை. "என்ன தெரியும்?"

"அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. கம்பியாலதான் வரும்னு நேக்கு மொதல் நாளே தெரியும். தினம் இங்கே மோந்துண்டிருக்கேனே."

உள்ளே யாரோ கண்ணாடியைக் கீழே போட்டு உடைத்தார்கள். அவன் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி தூணைப் பார்த்தான்.

"அப்போ ஏன் சொல்லலை?" என்று கேட்டது சார் இல்லை, நான். எனக்கு அங்கே பேச உரிமை கிடையாது. இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

"அம்மா ஒரு தரம் சொல்லிட்டா. அவளைப் பொய்யாக்க முடியுமா? கொறச்சு நாள்ல எல்லாம் தானே சரியாயிடும்னு நெனைச்சேன்." சாரைப் பார்த்து, "இப்பவும் கொறச்சு நாள் போகட்டும் மாமா. நானே வந்து அழைச்சுண்டு போறேன்" என்றான். மணி அடித்தது. அவன் உள்ளே போய்விட்டான்.

பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம் என்று பஸ் மாறி மாறி வந்தோம். சார் வழியெல்லாம் எதுவும் சாப்பிடவில்லை. கம்பத்தில் டீ வாங்கிக் கொடுத்தேன், கையில் வைத்துக்கொண்டே இருந்தார். குமுளி மலை ஏறும்போதுதான் பேசினார். "பட்டுகிட்ட இதைச் சொல்லப்படாது. அவருக்குப் புரியலைன்னு சொல்லிடறேன். புரியலைன்னு சொன்னா, புரிஞ்சதும் வருவார்னு அவ நம்பிண்டிருப்பா" என்றார். அந்த நேரத்தில் அவரைத் திட்ட எனக்கு நாக்கு எழவில்லை.

மறுநாள் காலையில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பட்டு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றாள். அப்பா செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டாள்.

"அவரைப் பாத்தேளா? என்ன சொன்னார்?"

"பாத்தேன்மா. இந்தக் கம்பி விஷயமெல்லாம் அவருக்குச் சரியாப் புரியலை. கொறச்சு நாள் போனா..."

"கெமிஸ்ட்ரி எம்.எஸ்ஸிக்கா புரியலை?"

சார் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. வாழ்நாளில் சொன்ன இரண்டு பொய்யும் சம்பந்தி வீட்டுக்காகச் சொன்னதுதான். பட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்கோ மாமா."

அந்த முகத்தைப் பார்த்து மறைக்க என்னால் முடியவில்லை. "மொதல் நாளே தெரியுமாம்மா" என்றேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, யாரோ ஒருத்தி கதையைச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்:

"சீமந்தத்துக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு நாள், மாமியார் என்னை வெளக்குக்கு முன்னாடி நிறுத்தினா. வயத்துல கையை வெச்சு, இந்தக் குழந்தை மேல ஆணையா நான் முட்டையைத் தொடலைன்னு சத்தியம் பண்ணச் சொன்னா. நான் அவர் மூஞ்சியைப் பாத்தேன். அவர் பக்கத்துலதான் காப்பி குடிச்சுண்டு உக்காந்திருந்தார். சத்தியம் பண்ணினேன். அவர், காப்பில சக்கரை போறலைன்னார்."

சார் படியில் உட்கார்ந்தார். "நான் அன்னிக்கே வாயைத் தொறந்திருந்தா உனக்கு இந்த கதி வந்திருக்காதே" என்று துண்டை வாயில் அடக்கிக்கொண்டு அழுதார். அத்தனை வருஷத்தில் அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அது ஒன்றுதான்.

"தொறந்திருந்தா, நாத்தம் கம்பியோடதுன்னு ஆகியிருக்கும்ப்பா. அவ்வளவுதான். நானும் அங்கேயே இருந்திருப்பேன், அவர் இப்படிப்பட்டவர்னு தெரியாமலே" என்றாள் பட்டு. குழந்தை சிணுங்கியது. "இனிமே அவா வந்து கூப்பிட்டாலும் நான் போகலை. நீங்க எழுந்து கால் அலம்பிண்டு உள்ளே வாங்கோ" என்று சொல்லிவிட்டுக் குழந்தைக்குப் பால் கொடுக்கப் போனாள். சார் எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு இரண்டு பேரும் ஆபீசுக்குப் போகவில்லை.